சாரத் துளைகள்

"பாலத்தைப் பார்க்கப் போனா முதல்ல அடியைப் பாரு" என்பார் அப்பா. அவர் கொத்தனார். நானும் பாலப் பணிகளில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். தென்மேற்கு பிரான்சில், காவோர் நகரின் வாலாந்த்ரே பாலத்தின் கரையில் நின்றபோது, மற்றவர்கள் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். என் கண் வளைவுகள் எழும்பும் இடத்துக்குப் போயிற்று. அங்கே கல்லில் துளைகள். சாரம் கட்ட மரம் செருகிய துளைகள். கட்டியவர்களை நேரில் பார்த்ததுபோல் இருந்தது.

லோட் ஆறு காவோரை மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது. இடைக்காலத்தில் பணம் கொழித்த ஊர் அது. வட்டித் தொழிலுக்கு அவ்வளவு பேர்போனதால், கவிஞர் தாந்தே தன் 'நரகம்' காவியத்தில் வட்டி வாங்குவோரைக் குறிக்க இந்த ஊரின் பெயரையே போட்டார். 1316-ல் போப்பாண்டவரான இருபத்திரண்டாம் யோவானும் இவ்வூர்க்காரர்தான்.

செல்வம் இருக்கும் ஊருக்குப் பயமும் உண்டு. மேற்குக் கரைக்கு ஒரு பாலம் வேண்டும், அதுவே கோட்டையாகவும் நிற்க வேண்டும் என்று நகர மன்றத்தார் 1306-ல் முடிவு செய்தார்கள். 1308 ஜூன் 17 அன்று முதல் கல் வைத்தார்கள். ஒவ்வொன்றும் பதினாறரை மீட்டர் அகலத்தில் ஆறு பெரிய வளைவுகள். ஆற்றிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்துக்கு மூன்று சதுரக் கோபுரங்கள். வாசலை முட்டுபவன் தலையில் கல்லைப் போட மேலே திறப்புகள். நீர் வரும் பக்கத்தில் ஒவ்வொரு தூணுக்கும் படகின் மூக்குபோல் ஒரு கூர்முனை. வெள்ளம் அதில் மோதிப் பிளந்து இருபுறமும் விலகிப் போகும்.

வேலை முடிந்தது 1378-ல். நடுவில் நூறாண்டுப் போர் மூண்டது. 1348-ல் கொள்ளைநோய் தென் பிரான்சைச் சூறையாடியது. முதல் கல்லுக்குக் காரை குழைத்தவனின் பேரன் கடைசிக் கல்லை ஏற்றியிருக்கலாம்.

இத்தனை தாமதத்துக்கு ஊர் ஒரு கதை சொல்லிக்கொண்டது. வேலை நகராமல் தவித்த தலைமைக் கொத்தனார் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டாராம்: சொன்ன வேலையெல்லாம் செய்தால் ஆன்மா அதற்கு. முடியும் தறுவாயில் அவர் சல்லடையை நீட்டி, இதில் தண்ணீர் மொண்டு வா என்றார். சாத்தான் தோற்றது. அந்த ஆத்திரத்தில், நடுக்கோபுரத்து உச்சி மூலையில் ஒரு கல்லை இரவுதோறும் பெயர்த்துப் போட்டதாம்.

இவ்வளவு காவலும் காத்திருந்த எதிரி இந்தப் பக்கம் வரவேயில்லை. 1580-ல் நவார் மன்னர் ஆன்ரி காவோரைத் தாக்கியபோது, நகரின் இன்னொரு பாலத்து வாசலை வெடிவைத்துத் தகர்த்து நுழைந்தார். அந்தப் பாலத்தைப் பிற்காலத்தில் இடித்துவிட்டார்கள். வாலாந்த்ரே நிற்கிறது. அது அன்றாடம் போரிட்டது ஆற்றோடு மட்டும்தான். அதில் அதைக் காத்தவை கோபுரங்கள் அல்ல, தூண்களின் அந்தக் கூர்முனைகள்.

1867 முதல் 1879 வரை பாலத்தைப் பழுதுபார்த்தார்கள். பெயர்ந்துகொண்டே இருந்ததாகச் சொல்லப்பட்ட கல் இருந்த மூலையில், கல்லைப் பிடுங்க முயலும் சின்னச் சாத்தான் சிற்பத்தைக் கட்டடக் கலைஞர் பால் கூ பதிக்கச் செய்தார். கீழிருந்து உற்றுப் பார்த்தால் தெரிகிறது. 1998-ல் யுனெஸ்கோ, ஸ்பெயினின் சந்தியாகோ தலத்துக்குச் செல்லும் யாத்திரை வழிகளின் பகுதியாக இந்தப் பாலத்தை உலக மரபுச் சின்னமாக்கியது.

அந்தக் கதையை நான் நம்புகிறேன், என் தொழில் வழியில். எந்தப் பழைய பாலத்திலும் எங்கோ ஒரு கல் நெகிழ்ந்துகொண்டுதான் இருக்கும். யாராவது ஏறிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். அப்பா சில சுவர்களில் சாரத் துளையைப் பூசி அடைக்காமல் விடுவார். கேட்டால், "அடுத்து ரிப்பேருக்கு வர்றவன் எதுல மரம் செருகுவான்?" என்பார்.

லோட் ஆற்றங்கரையில், அறுநூறு ஆண்டுகளாகத் திறந்திருக்கும் அந்தத் துளைகளைப் பார்த்தபடி, அவர் குரலைக் கேட்டேன்.