முத்துக் குளிப்பும் நீரழுத்தமும்

மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பு வரலாறு பெரிதும் வணிகம், வரி, குத்தகை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கீழக்கரை முஸ்லிம்களும் தூத்துக்குடிக் கரைப் பரதவரும் மூச்சடக்கி மூழ்கிப் பெற்ற அறிவு அதில் உரிய இடம் பெறவில்லை.

சிப்பிப் பார்கள் பல ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் உள்ளன. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், அங்கே அழுத்தம் மும்மடங்காகும். 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிப்படி, நுரையீரலின் 6 லிட்டர் காற்று 2 லிட்டராகச் சுருங்கும், மிதப்பும் குறையும். மேல்நீரின் மிதப்பை வெல்லவே குளியாளர் கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து இறங்கினர். அடியை அடைந்ததும் கல் மேலே இழுக்கப்பட்டது. மிதப்பு குன்றிய அவ்வாழத்தில் கல்லின்றியே சிப்பி திரட்டினர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலேறினர்.

காற்றுக் கலனுடன் மூழ்குவோர் அழுத்தமிக்க காற்றை ஆழத்திலேயே சுவாசிக்கின்றனர். மூச்சடக்கி மேலேறினால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். குளியாளர் கொண்டுசென்ற மூச்சோ பழைய அளவுக்கே விரியும்.

மிதப்பின் கணக்கு நம் முன்னோர்க்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி மணிகளின் ஒப்படர்த்தியை நீர்கொண்டு அளந்தார். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) அல்காஸினீ இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’, நீரைப் போன்றே காற்றும் பொருளின் எடையைக் குறைக்கும் என விளக்கியது.

தூத்துக்குடியின் பெரும் முத்துக் குளிப்பு 1961உடன் ஓய்ந்தது. ஏட்டில் எழுதப்பட்ட அறிவு நம்மிடம் நிலைத்துவிட்டது. எழுதப்படாத குளியாளர் அறிவையோ, அதனை நினைவில் வைத்திருக்கும் முதியோர் மறையுமுன் நாம் பதிந்தாக வேண்டும்.