குழாய் நீரும் குடும்பச் செலவும்

மாதந்தோறும் நம் வீடு தேடி வரும் கடிதங்களில் தவறாமல் வருவது மின்சார, தண்ணீர்க் கட்டணச் சீட்டு. அதைப் பிரித்ததும் நம் கண் முதலில் தேடுவது, கட்ட வேண்டிய தொகையை. எத்தனை கன மீட்டர் தண்ணீர் செலவானது என்ற வரியை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? தொகையைக் குறைக்க விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான். ஏன் என்பதைச் சிங்கப்பூரின் தண்ணீர் வரலாறு நமக்குச் சொல்கிறது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இந்நகர மக்கள் கிணற்று நீரையும் ஊற்று நீரையும் நம்பி வாழ்ந்தார்கள். ஆன் சியாங் குன்றின் கிணறுகளில் இறைத்த நீரை மாட்டு வண்டிகள் சைனா டவுன் பகுதிக்குக் கொண்டு வந்தன. அந்த வட்டாரம் இன்றும் கிரேத்தா ஆயர் என்றே வழங்குகிறது. மலாய் மொழியில் அதற்குத் தண்ணீர் வண்டி என்பது பொருள். சுமந்து வந்த நீரைக் குடத்தால் அளந்து செலவிட்ட காலம் அது. ஒரு குடம் நீருக்கு எவ்வளவு உழைப்பு என்பது ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரிந்திருந்தது.

நகருக்கு நல்ல குடிநீர் வேண்டும் என்று 1857ஆம் ஆண்டில் டான் கிம் செங் என்ற சீன வணிகர் 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். இன்று மெக்ரிட்சி என்று நாம் அழைக்கும் நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிந்தது. ஆயினும் நீரேற்றும் இயந்திரங்களும் குழாய்களும் அமைந்து நகருக்கு நீர் வர மேலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. பின்னர் மக்கள் தொகை பெருகியது. பியர்ஸ் நீர்த்தேக்கமும் சிலேத்தார் நீர்த்தேக்கமும் எழுந்தன. தீவின் நீர் போதாமல் 1927இல் ஜோகூருடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, பின்னர் குனோங் பூலாய் நீர் பாலத்தைக் கடந்து வந்தது.

குழாயை நம்பி வாழும் நகருக்குக் குழாய் உடைந்தால் என்ன நேரும் என்பதை 1942 காட்டியது. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜோகூர்ப் பாலத்தைத் தகர்த்தபோது, அதன்மேல் வந்த நீர்க்குழாயும் அறுந்தது. தீவின் நீர்த்தேக்கங்களில் நீர் இருந்தும், குண்டுவீச்சில் உடைந்த குழாய்களின் வழியே அதில் பெரும்பகுதி வீணாகிப் போயிற்று. பிப்ரவரி 15ஆம் நாள் நகரம் சரணடைந்ததற்கு இந்தத் தண்ணீர் முடையும் ஒரு காரணம். நீர் இருப்பது மட்டும் போதாது, அது ஒழுகாமலும் இருக்க வேண்டும் என்பது அன்றைய பாடம்.

அடுத்த பெரும் சோதனை மழை பொய்த்ததால் வந்தது. 1961இல் ஒருமுறை தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 1963இல் வறட்சி மீண்டும் வாட்டவே, ஏப்ரல் 23ஆம் நாள் பங்கீடு மறுபடியும் தொடங்கியது. அது முடிந்தது 1964 பிப்ரவரி 28ஆம் நாள். பத்து மாத காலம் வட்டாரம் வட்டாரமாக, முறைவைத்துக் குழாய்கள் நிறுத்தப்பட்டன. நீர் வரும் நேரத்தில் அண்டா, குடம், வாளி, தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார்கள். அரிசி கழுவிய நீர் செடிக்குப் போயிற்று. துணி அலசிய நீர் தரை கழுவ உதவிற்று. பொதுக்குழாயை நம்பியிருந்த கம்பத்து வீடுகளில் இந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது.

அந்தப் பங்கீடு தொடங்கிய சில நாட்களிலேயே, 1963 மே முதல் நாள், பொதுப் பயனீட்டுக் கழகம் பிறந்தது. தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இதற்கு முன்பே, 1960இல், வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தோன்றியிருந்தது. இவ்விரு கழகங்களின் பணியால் வீட்டுக்கு வீடு குழாயும் நீர்மானியும் வந்தன. நோய் குறைந்தது. சுமக்கும் துன்பம் ஒழிந்தது. இது பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதனோடு ஒரு மாற்றமும் வந்தது. குடத்தில் இருந்த நீருக்கு அளவு இருந்தது; குழாயில் வரும் நீருக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவு இல்லை. வாளிக் குளியலின் இடத்தில் பூந்தூறல் குழாய் வந்தது. ஒருமுறை இழுத்தால் 9 லிட்டர் கொட்டும் கழிவறைத் தொட்டி வந்தது. பங்கீட்டுக் காலத்தில் ஒவ்வொரு குவளையையும் எண்ணிய அதே குடும்பம், அடுக்குமாடி வீட்டில் எண்ணுவதை விட்டது. 1971இல் அரசாங்கம் 'தண்ணீர் விலைமதிப்பற்றது' என்ற இயக்கத்தை நடத்த வேண்டியதாயிற்று.

அறிவுரை மட்டும் போதவில்லை. கட்டணமும் கருவியாயிற்று. 1991இல் நீர்ச் சேமிப்பு வரி வந்தது. 1997க்கு முன் வீடுகளுக்கு முதல் 20 கன மீட்டர் குறைந்த விலையில், கன மீட்டருக்கு 56 காசு என்று கிடைத்து வந்தது. 1997 முதல் படிப்படியாக உயர்த்தி, 2000ஆம் ஆண்டில் 40 கன மீட்டர் வரை ஒரே விலையாக 1 வெள்ளி 17 காசு ஆக்கினார்கள். 2017, 2018 ஆண்டுகளில் மறுபடியும் உயர்வு. 2025 ஏப்ரல் முதல், வரிகளையும் கழிவுநீர்க் கட்டணத்தையும் சேர்த்து, பொருள் சேவை வரி நீங்கலாக, 40 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு.

விலை உயர்ந்தால் மக்கள் சிக்கனம் பேணுவார்கள் என்பது உண்மையே. எனினும் அந்த உயர்வு எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. 40 கன மீட்டர் என்ற எல்லை வீட்டுக்குத்தான், தலைக்கு அல்ல. இருவர் உள்ள வசதியான வீடு தாராளமாகச் செலவிட்டும் அதைத் தொடாது. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று பத்துப் பேர் வாழும் கூட்டுக் குடும்பம் ஒழுங்காகச் செலவிட்டும் அதைத் தாண்டிவிடும். அரசாங்கம் கட்டணக் கழிவு தருகிறது என்றாலும், வருமானம் குறைந்த பெரிய குடும்பத்திற்கே சிக்கனம் மிக அவசரத் தேவையாகிறது.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 165 லிட்டர் செலவிட்டார். 2018இல் அது 141 லிட்டராகக் குறைந்தது. 2020இல் கிருமித்தொற்றால் எல்லாரும் வீட்டிலேயே இருந்தபோது 154 லிட்டராக ஏறி, 2023இல் மீண்டும் 141க்கு வந்தது. நால்வர் உள்ள குடும்பம் ஆளுக்கு 165 லிட்டர் செலவிட்டால் மாதம் ஏறத்தாழ 20 கன மீட்டர். இன்றைய விலையில் 64 வெள்ளி. ஆளுக்கு 141 லிட்டர் என்றால் 17 கன மீட்டர், 55 வெள்ளி. வேறுபாடு மாதம் 9 வெள்ளி, ஆண்டுக்கு நூறு வெள்ளிக்கு மேல்.

இதைக் குறைக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. முதல் வேலை, அளப்பது. இரவு படுக்கும் முன் நீர்மானியின் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடியும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிவறைத் தொட்டியில் சிறிது உணவுச் சாயத்தைக் கலந்து வைத்தால், இழுக்காமலேயே கீழே நிறம் தெரிகிறதா என்று பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, ஒரு வாளியும் ஒரு கடிகாரமும். குளியல் குழாயை ஒரு நிமிடம் வாளியில் திறந்துவிட்டு அளந்து பாருங்கள். நிமிடத்திற்கு 9 லிட்டர் வந்தால், பத்து நிமிடக் குளியலுக்கு 90 லிட்டர் என்று பிள்ளைகளும் தாமே கணக்கிட்டுக் கொள்வார்கள். ஐந்து நிமிடமாக்கினால் பாதி மிச்சம். குழாயின் வாயில் பொருத்தும் சிறு வளையமும் நீரோட்டத்தைக் குறைக்கும். 2003இல் நடந்த இயக்கத்தில் வீடுகளுக்குத் தந்த சேமிப்புப் பையில் இவையும் இருந்தன.

மூன்றாவது, கழிவறைத் தொட்டி. 1997இல் புதிய கட்டடங்களில் 4.5 லிட்டருக்கு மேற்படாத தொட்டி கட்டாயமாயிற்று. பழைய 9 லிட்டர்த் தொட்டி உள்ள வீட்டில், நால்வர் ஆளுக்கு ஐந்து முறை பயன்படுத்தினால் நாளொன்றுக்கு 90 லிட்டர் கூடுதல் செலவு. மாதம் 8 வெள்ளி 75 காசு. மாற்றும் செலவை இந்த மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். துணி துவைக்கும் இயந்திரத்தை நிறையத் துணி சேர்ந்த பிறகு இயக்குவதற்குச் செலவே இல்லை. தண்ணீரோடு மின்சாரமும் மிச்சமாகும்.

இவற்றை வீட்டார் மட்டும் செய்தால் போதும் என்று நாம் கூறவில்லை. 1990இல் வழங்கிய நீரில் 9.5 விழுக்காடு கணக்கில் வராமல் போயிற்று. பழைய குழாய்களை மாற்றியும் நீர்மானிகளைச் சீர்செய்தும் 2004ஆம் ஆண்டுக்குள் அதை ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள். ஒரு நாடு தன் ஒழுக்கை அளந்து கண்டுபிடித்துத்தான் அடைத்தது. வீட்டுக்கும் வழி அதுவே.

மாட்டு வண்டிக் காலத்துத் துன்பமும் பங்கீட்டுக் காலத்துத் தட்டுப்பாடும் நமக்கு மீண்டும் வேண்டாம். ஆனால் அக்காலத்தார் பெற்றிருந்த அளவறிவு நமக்கு வேண்டும். அடுத்த கட்டணச் சீட்டு வரும்போது தொகைக்கு முன் கன மீட்டர் வரியைப் படிப்போம். அதைச் சமையலறைச் சுவரில் உள்ள நாட்காட்டியில் மாதந்தோறும் எழுதி வைப்போம். பன்னிரண்டு எண்கள் சேர்ந்ததும், எங்கே செலவு கூடியது, எங்கே குறைந்தது என்பதை அவையே நமக்குச் சொல்லிவிடும்.