கோதுமைக்கு ஆண்டுதோறும் எரு இடுகிறீர்களா? சத்துக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

"ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டாயிற்று, இனி யூரியா எதற்கு?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. "தொழுவுரத்தில் என்ன பெரிய சத்து இருக்கிறது?" என்று ஒதுக்குபவர்களும் உண்டு. முதல் ஆண்டை மட்டும் பார்த்தால் இரண்டாமவர் சொல்வது சரிபோலத் தெரியும். பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து எரு இட்ட நிலத்தைப் பார்த்தால் கதை வேறு. எருவின் கணக்கை ஒரே பட்டத்தில் முடிக்கக் கூடாது.

எந்த எருவில் எவ்வளவு?

நன்கு மக்கிய தொழுவுரத்தில் சராசரியாக 0.5 சதவீதம் தழைச்சத்து, 0.2 சதவீதம் மணிச்சத்து, 0.5 சதவீதம் சாம்பல் சத்து உள்ளன. ஆட்டு எருவில் இவை 3, 1, 2 சதவீதம். உலர்ந்த கோழி எருவில் தழைச்சத்து 3, மணிச்சத்து 2.6, சாம்பல் சத்து 1.4 சதவீதம். வேப்பம் புண்ணாக்கில் 5.2, 1.0, 1.4, கடலைப் புண்ணாக்கில் 7.3, 1.5, 1.3. மண்புழு உரம் எந்தக் கழிவில் தயாரானது என்பதைப் பொறுத்து மாறும். மூட்டையில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

இவையெல்லாம் சராசரிதான். டிப்பர் கணக்கில் எரு வாங்கும்போது ஈரத்தைக் கவனியுங்கள். 70 சதவீதம் ஈரமுள்ள 5 டன் எருவில் உலர்ந்த பொருள் ஒன்றரை டன்தான். ஈரம் 40 சதவீதமாக இருந்தால் அதே 5 டன்னில் 3 டன் இருக்கும். காசு ஒன்று, சரக்கு இரண்டு மடங்கு வித்தியாசம்.

பயிருக்குக் கிடைப்பது எவ்வளவு?

ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இட்டால் காகிதக் கணக்குப்படி 25 கிலோ தழைச்சத்து, 10 கிலோ மணிச்சத்து, 25 கிலோ சாம்பல் சத்து சேர்கிறது. ஆனால் தழைச்சத்தில் பெரும்பகுதி அங்ககப் பொருளோடு பிணைந்திருக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்தால்தான் வேர் எடுக்க முடியும். அதனால் முதல் பயிருக்குத் தழைச்சத்தில் ஏறத்தாழ 30 சதவீதமும், மணிச்சத்தில் 60 முதல் 70 சதவீதமும், சாம்பல் சத்தில் முக்கால் பங்கும் கிடைக்கும் என்று கொள்வது வழக்கம். அந்த 25 கிலோவில் முதல் பயிர் காண்பது 8 கிலோவுக்கும் குறைவு. 17 கிலோ யூரியா கொடுப்பதும் இவ்வளவுதான்.

கோதுமைக்குத் தேவை எவ்வளவு? பஞ்சாப், அரியானாவில் ஏக்கருக்கு 2 டன் எடுப்பது சாதாரணம். அந்த விளைச்சல் தானியமும் தாளுமாகச் சேர்ந்து சுமார் 50 கிலோ தழைச்சத்தையும், 17 கிலோ மணிச்சத்தையும், 65 கிலோ சாம்பல் சத்தையும் எடுத்துச் செல்கிறது. சாம்பல் சத்து பெரும்பாலும் தாளில்தான் இருக்கிறது. தாளை மாட்டுக்குப் போட்டு, அந்த எருவை அதே வயலுக்குக் கொண்டுவந்தால் அது சுற்றிச் சுற்றி வரும். தாளை விற்றுவிட்டால் போனது போனதுதான்.

இன்னொரு சிக்கல் குளிர். கோதுமை நவம்பரில் விதைத்து, டிசம்பர், ஜனவரியில் தூர் கட்டும். பயிர் தழைச்சத்து கேட்கும் அந்த நேரத்தில் மண் குளிர்ந்திருப்பதால் எரு மெதுவாகத்தான் சிதையும். எனவே எருவைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிட்டு, விதைத்த 20-25 நாளில் முதல் தண்ணீர் கட்டும்போது மேலுரமாக யூரியா கொடுப்பதே நல்லது.

180 ஆண்டு வயல் சொல்வது

இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிராட்பால்க் என்ற வயலில் 1843 முதல் கோதுமை விதைத்துவருகிறார்கள். அதில் ஒரு பகுதிக்கு ஆண்டுதோறும் எக்டருக்கு 35 டன், அதாவது ஏக்கருக்கு 14 டன், தொழுவுரம் மட்டுமே இடுகிறார்கள். எதுவும் இடாத பகுதியோடு ஒப்பிட்டால் அங்கே மண்ணின் மொத்தத் தழைச்சத்து இரண்டு மடங்குக்கும் மேல். முதல் சில பத்தாண்டுகளில் வேகமாக ஏறி, பிறகு ஏற்றம் குறைந்துவிட்டது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முதல் பயிர் எடுக்காத பங்கு மண்ணில் சேர்ந்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருகிறது. எனவே அதே 5 டன், பத்தாம் ஆண்டில் முதல் ஆண்டைவிட அதிகம் கொடுக்கும். யூரியாவை முதல் ஆண்டே நிறுத்தாமல், பயிரின் பச்சையையும் விளைச்சலையும் பார்த்துப் படிப்படியாகக் குறையுங்கள். அதே நிலையத்தில் ஹூஸ்ஃபீல்டு என்ற பார்லி வயலின் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை தொழுவுரம் இட்டு நிறுத்தினார்கள். நூறு ஆண்டு கழித்தும் அந்த எருவின் பலன் மண்ணில் தெரிந்தது.

ஆனால் பிராட்பால்க்கில் அந்த 35 டன்னில் உள்ள 225 முதல் 250 கிலோ தழைச்சத்து முழுவதையும் கோதுமை எடுப்பதில்லை. மண் நிரம்பிய பின் மிச்சம் மழைநீரோடு நைட்ரேட்டாக வடிகிறது, காற்றிலும் போகிறது. 1968-ல் விளைச்சல் திறன் கூடிய குட்டை ரகம் வந்தபோது அவ்வளவு எரு இட்ட இடத்திலும் கூடுதலாகத் தழைச்சத்து உரம் கொடுத்துப் பார்த்தார்கள்; விளைச்சல் இன்னும் கூடியது.

இந்தியாவில் 1970களின் தொடக்கத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய நீண்டகால உரச் சோதனைகளும் இதையே காட்டுகின்றன. இமாச்சலப் பிரதேசத்தில் பாலம்பூரில் தழைச்சத்து உரம் மட்டும் பெற்ற பாத்தியில் மண் அமிலமாகி, மக்காச்சோளமும் கோதுமையும் நாளடைவில் விளையவே இல்லை. சிபாரிசு செய்த உரத்தோடு தொழுவுரமும் பெற்ற பாத்தி விளைச்சலைத் தாங்கி நிற்கிறது. நம் கோவையிலும் 1909 முதல் இதுபோன்ற நிரந்தர எரு சோதனை நடக்கிறது.

கோழி எருவில் எச்சரிக்கை

50 கிலோ தழைச்சத்துக்காகக் கோழி எரு மட்டும் இட்டால் ஏக்கருக்கு ஒன்றே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படும். அதோடு 43 கிலோ மணிச்சத்தும் போகும். கோதுமைக்கு வேண்டியது 17. மீதி 26 கிலோ ஆண்டுதோறும் மண்ணில் சேரும். பத்து ஆண்டில் 260 கிலோ. அளவு மீறிய மணிச்சத்து, பயிர் துத்தநாகம் எடுப்பதைத் தடுக்கும், வடிநீரில் கலந்து ஏரி குளங்களில் பாசி வளர்க்கும். கோழி எருவின் அளவை மணிச்சத்துத் தேவைப்படி நிர்ணயித்து, குறையும் தழைச்சத்தை வேறு வழியில் கொடுங்கள். அப்படி இடும் ஆண்டுகளில் டிஏபி, சூப்பர் பாஸ்பேட் வாங்கும் செலவு மிச்சம்.

எருக்குழியிலேயே போகும் சத்து

மாட்டின் சாணத்தைக் கூட்டிச் சேர்க்கிறோம், சிறுநீரை ஓடவிடுகிறோம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியும் சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் சிறுநீரில்தான் இருக்கின்றன. தொழுவத்தில் தாளோ சருகோ பரப்பி அதை உறிஞ்சவிட்டு, சாணத்தோடு குழியில் போடுங்கள். 6 மீட்டர் நீளம், 1.5 முதல் 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் போதும். நிரம்பியதும் சாணக் கரைசலும் மண்ணும் சேர்த்து மேலே மெழுகுங்கள். வெயிலில் குவித்து வைத்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கும், மழையில் நனைந்தால் சாம்பல் சத்து கரைந்தோடும். வயலில் கொட்டிய எருவைக் குவியல் குவியலாக வாரக்கணக்கில் விடாமல், இறைத்த அன்றே உழுதுவிடுங்கள்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மண் பரிசோதனை செய்து, அட்டையில் மணிச்சத்து அளவும் அங்ககக் கரிம அளவும் எப்படி நகர்கின்றன என்று பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரிமம் ஏறி மணிச்சத்து மிதமாக இருந்தால் எருவின் அளவை அப்படியே தொடரலாம். மணிச்சத்து 'அதிகம்' என்று வந்துவிட்டால் கோழி எருவை நிறுத்தி, தொழுவுரத்துக்கோ பசுந்தாளுக்கோ மாறுங்கள்.