குமரப்பாவும் ஒரு லண்டன் சிற்றிதழும்

லண்டனிலிருந்து வெளிவந்த ‘ரிசர்ஜன்ஸ்’ என்னும் சிற்றிதழ், தன் 1968 ஜனவரி–பிப்ரவரி இதழில் ‘பௌத்தப் பொருளியல்’ என்ற கட்டுரையை மறுபிரசுரம் செய்தது. எழுதியவர் இ. எஃப். ஷூமாக்கர். அப்போது அவர் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பொருளியல் ஆலோசகர். 1955இல் பர்மிய அரசுக்கு ஆலோசனை கூறச் சென்று, ஆலோசனை பெற்றவராகத் திரும்பியவர். நல்ல உழைப்பு மனிதனுக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் இடத்தில், அக்கட்டுரையில் அவர் துணைக்கு அழைப்பது ஆடம் ஸ்மித்தையோ மார்க்ஸையோ அல்ல, ஜே. சி. குமரப்பா என்ற இந்தியரை. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த நம்மவர்.

சமூக மாற்றத்தையும் சூழலியலையும் ஒன்றாகவே கண்ட இதழ்களின் வரலாறு பெரும்பாலும் மேற்குலகின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ரிசர்ஜன்ஸ் அதற்கு முழுமையாக உடன்படும் சான்றன்று.

இதழைத் தொடங்கியவர் ஜான் பாப்வொர்த். முதல் இதழ் 1966 மே–ஜூன். பேரரசு, பெருநிறுவனம், பெருங்கட்சி எதுவாயினும் அளவில் பெருத்தால் அது மனிதனுக்கு எதிராகத் திரும்பும் என்பது அவருடைய அடிப்படை நம்பிக்கை. ‘தேசங்களின் தகர்வு’ என்ற நூலை 1957இல் எழுதிய லியோபால்ட் கோர், இந்நம்பிக்கையின் கோட்பாட்டாளர், இதழிலும் எழுதினார். பாப்வொர்த் பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானார். (பேரங்காடிகளிலிருந்து ஏழைகள் பொருளை எடுத்துக்கொள்வது திருட்டாகாது என்று 1997இல் சொல்லி நாடெங்கும் சர்ச்சைக்குள்ளானவரும் இவர்தான். சிற்றிதழ் ஆசிரியர்கள் எந்நாட்டிலும் ஒரே வார்ப்புதான் போலும்.)

ஷூமாக்கர் இவ்விதழில் தொடர்ந்து எழுதினார். ‘அமைதியும் நிலைபேறும்’ என்ற அவரது கட்டுரை 1970இல் இதில் வந்தது. 1973இல் ‘சிறியதே அழகு’ நூலாக வெளிவந்து உலகைச் சுற்றியபோது, அதன் அத்தியாயங்கள் சில முன்பே இச்சிற்றிதழில் அச்சேறியவை. பெருநூல்கள் பலவற்றுக்குச் சிற்றிதழே நாற்றங்கால் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இங்கேதான் குமரப்பாவிடம் சற்றுத் தங்க வேண்டியிருக்கிறது. லண்டனில் கணக்காயராகப் பயின்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் கற்றவர் அவர். இந்திய வறுமைக்கும் ஆங்கில அரசின் நிதிக்கொள்கைக்கும் உள்ள உறவை ஆராய்ந்த அவரது கட்டுரையைக் காந்தி ‘யங் இந்தியா’வில் தொடராக வெளியிட்டார். உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் காந்தி சிறைப்பட்டபின் அவ்விதழை நடத்தும் பொறுப்பும் குமரப்பாவிடம் வந்தது. அதன் பரிசாகச் சிறையும் வந்தது. 1934 இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியபின், வார்தாவிலிருந்து ‘கிராம் உத்யோக் பத்ரிகா’வின் ஆசிரியராக இருந்தார். ஆக, பொருளியலாளர் என்று நாம் அறியும் அவர் ஓர் இதழாளரும்கூட.

அவரது ‘நிலைபேற்றுப் பொருளாதாரம்’ ஜபல்பூர்ச் சிறையில் எழுதப்பட்டு 1945இல் வெளியானது. ஒட்டுண்ணி, கொள்ளையன், உழைத்து ஈட்டுபவன், கூட்டாக வாழ்பவன், தொண்டு செய்பவன் என்று பொருளாதார வகைகளை உயிரினங்களின் இயல்பிலிருந்து அவர் பிரித்துக் காட்டினார். நிலக்கரியையும் எண்ணெயையும் தேக்கி வைத்த நீருக்கு ஒப்பிட்டார்: எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறையப் போர் மூளும். சூரியனையும் மண்ணையும் மரத்தையும் நம்பியது ஓடும் ஆறு. ஷூமாக்கர் பின்னர் இயற்கையின் முதலை வருமானமென்று எண்ணிச் செலவழிக்கிறோம் என்று எழுதியபோது, அதே கணக்கைத்தான் மேற்கின் பேரேட்டு மொழியில் போட்டுக் காட்டினார். நிலக்கரி வாரியத்தில் அமர்ந்துகொண்டு அதை எழுதினார் என்பதுதான் சுவையான முரண். முற்றிலும் முரணென்றும் சொல்லிவிட முடியாது. மலிவான அந்நிய எண்ணெயை நம்பிச் சுரங்கங்களை மூடாதீர்கள் என்று அவர் அவ்வாரியத்தில் எச்சரித்துக்கொண்டே இருந்தார். 1973இன் எண்ணெய் நெருக்கடி அதற்கு விடை சொன்னது.

அதே 1973இல் ரிசர்ஜன்ஸின் ஆசிரியப் பொறுப்பு சதீஷ் குமாரிடம் வந்தது. ராஜஸ்தானில் பிறந்து, ஒன்பது வயதில் சமணத் துறவியாகி, பதினெட்டு வயதில் துறவைத் துறந்து, வினோபாவின் பூதானத்தில் சேர்ந்தவர். 1962இல் இ. பி. மேனனுடன் காந்தி சமாதியிலிருந்து புறப்பட்டு, கையில் காசின்றி மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என அணுவாயுதத் தலைநகரங்களுக்கு நடந்தவர். வழியில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண்கள் நான்கு பொட்டலம் தேயிலை கொடுத்து, நான்கு நாட்டுத் தலைவர்களிடமும் சேர்க்கச் சொன்னார்களாம். பொத்தானை அழுத்துமுன் ஒரு கோப்பை தேநீர் அருந்தட்டும் என்று. இந்தியாவுக்குத் திரும்ப எண்ணிய தம்மை, அங்கே காந்தியர்கள் பலர் இருக்கிறார்கள், இங்கிலாந்துக்கு ஒருவர் வேண்டும் என்று ஷூமாக்கர் நிறுத்திக்கொண்டதாகச் சதீஷ் குமார் நினைவுகூர்ந்திருக்கிறார். 2016 வரை, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக, ஆசிரியராக இருந்தார். பெரும்பகுதி டெவன் கிராமமான ஹார்ட்லாண்டிலிருந்து. இதழ் அறக்கட்டளையின் கையில் இருந்தது, இலாபம் நோக்கமன்று.

அவர் காலத்தில் இதழ் அழகு பெற்றது. ஓவியமும் கவிதையும் கைவினையும் பக்கங்களை நிரப்பின. கோபம் சற்றுக் குறைந்தது என்பது என் எண்ணம். அந்தக் கோபம் வேறோர் இதழில் இருந்தது. எட்வர்ட் கோல்ட்ஸ்மித் 1970இல் தொடங்கிய ‘ஈகாலஜிஸ்ட்’, 1972 ஜனவரி இதழ் முழுவதையும் ‘பிழைத்திருப்பதற்கான வரைபடம்’ என்ற ஒரே அறிக்கைக்கு ஒதுக்கியது. பிரிட்டனில் பின்னாளில் பசுமைக் கட்சியாக வளர்ந்த இயக்கத்துக்கு அது தூண்டுகோல்களில் ஒன்று. ஆனால் மக்கள்தொகையையும் குடிபுகலையும் பற்றி அது பேசிய தொனி இன்று படிக்கையில் உறுத்துகிறது. 1997இல் ஆசிரியக் குழுவினர் சிலர் கோல்ட்ஸ்மித்துடன் முரண்பட்டு வெளியேறினர். செல்வந்தர் ஒருவரின் தயவில் நிற்கும் இதழின் சுதந்திரம் எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி அங்கே எழாமல் இருக்க முடியாது.

1998இல் மான்சான்டோ நிறுவனத்தைப் பற்றி ஈகாலஜிஸ்ட் ஒரு சிறப்பிதழ் தயாரித்தது. நீண்டகாலமாக அவ்விதழை அச்சிட்டுவந்த அச்சகத்தார், அவதூறு வழக்குக்கு அஞ்சி, அச்சான சுமார் 14,000 பிரதிகளைக் கூழாக்கிவிட்டனர். தடையாணை எதுவும் இல்லை. வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. அச்சமே போதுமானதாக இருந்தது. வேறோர் அச்சகத்தில் அது வெளிவந்தபோது, கூழாக்கப்பட்ட கதையே அதற்கு விளம்பரமானது.

ஈகாலஜிஸ்ட் 2009இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குச் சென்றது. 2012இல் ரிசர்ஜன்ஸுடன் இணைந்தது. அழகும் கோபமும் ஒரே அட்டைக்குள் வந்தன.

குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைத் தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதியதால், சொந்த மண்ணின் வாசகர் பலர் அவரை ஷூமாக்கரின் மேற்கோள் வழியாகவே முதலில் சந்தித்தனர். அக்கட்டுரையை ரிசர்ஜன்ஸ் வெளியிட்டபோது, மதுரையில் அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இறந்த நாள் 1960 ஜனவரி 30.