ஷெரிஃப் யாருக்கு வேலை செய்கிறார்?

அமெரிக்காவில் 1993-ல பிரேடி சட்டம் வந்தது. கைத்துப்பாக்கி வாங்குறவரோட பின்னணியை உள்ளூர் காவல் தலைமை அதிகாரி 5 வேலை நாளுக்குள்ள விசாரிக்கணும். மத்திய அரசு வேலையை எங்க தலையில எப்படிக் கட்டலாம்னு ரெண்டு கவுன்டி ஷெரிஃப்கள் வழக்கு போட்டாங்க: மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸ், அரிசோனாவின் ரிச்சர்ட் மேக். ரெண்டு பேருமே மக்கள் ஓட்டு போட்டு வந்தவங்க. 1997-ல உச்ச நீதிமன்றம் 5-4 கணக்கில் அவங்க பக்கம் நின்னது.

இதைத் துப்பாக்கி உரிமைக்கான வெற்றின்னு சொல்றாங்க. நீதிபதி ஸ்கலியா எழுதின தீர்ப்போ, மாநில அதிகாரிகளை மத்திய அரசு ஏவ முடியாதுங்கிறதோட நிக்குது. பின்னணிச் சோதனையும் ஒழியல. 1998-ல எஃப்பிஐயோட கம்ப்யூட்டருக்குப் போச்சு.

மேக் 2011-ல ஒரு ஷெரிஃப் அமைப்பு ஆரம்பிச்சார். மத்திய அதிகாரிகளையே ஷெரிஃப் தடுக்கலாம்ங்கிறது அதோட வாதம். ‘நான் செய்ய மாட்டேன்’கிறது வேற, ‘நீயும் செய்யாதே’ங்கிறது வேற. ரெண்டாவதுக்கு அந்தத் தீர்ப்புல இடமே இல்ல.