பாரிசவாதம்: கழுத்திலே தேடிய வைத்தியர்

நாம் பாரிசவாதம் என்று சொல்லும் நோயின் பெயரிலேயே அதன் அடையாளம் இருக்கிறது. பாரிசம் என்றால் பக்கம். கையும் காலும் ஒரே பக்கமாக விழுந்துபோவதைக் கண்டு வைத்த பெயர். திடீரென நினைவிழந்து விழுவதை அரபு மருத்துவ நூல்கள் ‘சக்தா’ என்றன. மௌனத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இரண்டுமே நோயாளியை வெளியே நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது? சுவிட்சர்லாந்தின் யொஹான் வெப்ஃபர், மூளைக்குள் குருதி கசிவதும் இதற்குக் காரணமாகலாம் என 1658இல் எழுதினார். ஆனால் குருதி கசியாமல், ஓட்டம் தடைப்பட்டு வரும் பாரிசவாதமே அதிகம். அந்தத் தடை எங்கே ஏற்படுகிறது என்பதில் நெடுங்காலம் தெளிவு இருக்கவில்லை. மூளைக்குள் உள்ள நாடி அடைபடுகிறது என்றனர் சிலர். நாடி சுருங்கி விரிகிறது என்றனர் வேறு சிலர். கழுத்து நாடிகளையும் சோதியுங்கள் என்று அமெரிக்க வைத்தியர் ராம்சே ஹண்ட் 1914இல் எழுதியிருந்தார். அதைக் கவனித்தோர் சிலரே.

அதைக் கவனிக்க வைத்தவர் சார்ள்ஸ் மில்லர் பிஷர். 1913இல் கனடாவில் பிறந்தவர்; ரொறன்ரோவில் மருத்துவம் கற்றவர். இரண்டாம் உலகப் போரில் அவர் பணியாற்றிய ‘வோல்டயர்’ என்ற பிரித்தானியக் கப்பலை 1941 ஏப்ரலில் ஜேர்மனியர் மூழ்கடித்தனர். மூன்றரை ஆண்டுகள் போர்க் கைதியாக இருந்தார். மீண்டு வந்து மொன்றியலிலும் பொஸ்டனிலும் நரம்பியல் பயின்றார்.

மொன்றியலில் அவர் கண்ட ஒரு நோயாளிக்கு இடப்பக்கம் செயலிழந்திருந்தது. அதற்கு முன்னர் சிலமுறை வலக்கண் சிறிது நேரம் இருண்டு, மீண்டும் தெளிந்ததாம். பக்கம் மாறியல்லவா இருக்கிறது? பிஷர் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. உடலின் இடப்பக்கத்தை ஆள்வது மூளையின் வலப்பாதி. அந்த வலப்பாதிக்கும் வலக்கண்ணுக்கும் குருதி கொண்டுசெல்வது ஒரே நாடி. கழுத்தின் வலப்புறம் ஏறும் உட்கரோட்டிட் நாடி. அப்படியானால் கோளாறு மூளைக்குள் அல்ல, கழுத்திலே இருக்க வேண்டும்.

பிரேத பரிசோதனையில் இதைச் சரிபார்த்தார். அக்காலத்தில் மண்டையோட்டைத் திறந்து மூளையை எடுப்பார்கள். கழுத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். பிஷர் கழுத்தையும் திறந்தார். நாடி இரண்டாகப் பிரியும் இடத்தருகே கொழுப்புப் படிந்து, குருதி உறைந்து, வழி அடைபட்டிருந்தது. 1951இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒருநாள் அறுவைச் சிகிச்சையால் இந்த அடைப்பைக் கடக்க முடியும் என்றும் அதில் எழுதினார். மூன்றே ஆண்டில், 1954இல், லண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலை வைத்தியர்கள் அத்தகைய சிகிச்சையொன்றை அறிவித்தனர். 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு இன்னும் திட்டமாகச் சொன்னது: ஏற்கெனவே அறிகுறி கண்டு, நாடி 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கியவர்களில் மருந்து மட்டும் எடுத்தோரில் 26 வீதமானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பக்க மூளையில் பாரிசவாதம் வந்தது, அறுவைச் சிகிச்சையும் பெற்றோரில் 9 வீதம்.

ஆனால் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப்படுவது, ‘வந்துபோன’ அறிகுறியை அவர் மதித்ததுதான். கண் இருண்டு தெளிவது, கை மரத்து மீள்வது, நாக்குக் குழறிச் சரியாவது எல்லாம் வரப்போகும் பாரிசவாதத்தின் முன்னறிவிப்பாகலாம் என்று அவர் வலியுறுத்தினார். எங்கட ஊர்ப்பக்கம் இதைக் ‘காத்துப் பட்டிருக்கும்’ என்பார்கள். என் மூத்தாப்பாவுக்கும் ஒரு காலையில் வலக்கை சோர்ந்து, பிளேன்ரீ குடித்து முடிக்குமுன் சரியாகிவிட்டது. “அல்ஹம்துலில்லாஹ், சுகம் வந்திட்டு” என்றார்கள். அந்தக் கிழமையே விழுந்தார். பிறகு பேச்சு வரவில்லை.

சுகமானது உண்மைதான். அடைப்பு நீங்கியது என்பதற்கு அது சாட்சியல்ல. முன்னறிவிப்புக்குப் பின்னான முதல் சில நாட்களிலேயே ஆபத்து கூடுதல். ஆகவே அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 2012இல் தமது 98ஆவது வயதில் காலமான பிஷர், நோயாளி சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள் என்று மாணவருக்குக் கற்பித்தவர். கேட்கும் வைத்தியர் இருந்தாலும், நடந்ததைச் சொல்ல நாம் போக வேண்டுமே!