கழுத்தில் மூன்று விரல்

விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு வயிறு காலியாகும்வரை காத்திருக்க முடியாது. மயக்க மருந்து ஏறியதும் இருமலும் அடங்கிவிடும். வயிற்றில் கிடப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் புரையேறினால் உயிருக்கே ஆபத்தாகலாம். நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களை அலசி 1946இல் எழுதியபோது, 66 பேருக்கு இப்படிப் புரையேறியிருந்தது. சோற்றுக்கட்டி போலக் கெட்டியான உணவு மூச்சை அடைத்து இருவர் இறந்திருந்தார்கள்.

இதற்கு 1961இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பிரயன் செல்லிக் சொன்ன வழிக்குக் காசே செலவில்லை. தொண்டை மேட்டுக்குச் சற்றுக் கீழே தடவினால் கெட்டியாக ஒரு வளையம் தட்டுப்படும். அதுதான் கிரிக்காய்டு குருத்தெலும்பு. மூச்சுக்குழாயின் மற்ற வளையங்களெல்லாம் பின்பக்கம் திறந்தவை, இது மட்டும் முழு வட்டம். அதை விரல்களால் முதுகெலும்போடு சேர்த்து அழுத்தினால் பின்னாலுள்ள உணவுக்குழாய் நசுங்கும், மூச்சுவழி நசுங்காது. மூச்சுக்குழாய்க்குள் சுவாச டியூப் போய், அதன் பலூன் ஊதப்படும்வரை உதவியாளர் கையை எடுக்கக் கூடாது.

செல்லிக் இதைச் செய்து பார்த்தது 26 பேரிடம். கையை எடுத்ததும் மூவருக்கு வயிற்றிலிருந்தது தொண்டைக்கு ஏறி வந்தது. அவ்வளவுதான் சாட்சி. இன்று ஒரு மாத்திரையைக்கூட இதை வைத்து விற்க முடியாது. இந்த அழுத்தமோ அன்று உலகின் பல அறுவை அரங்குகளில் சட்டமானது. உண்மையில் விரல்கள் அந்த இடத்துக்குப் போனது அதுவே முதல்முறையும் அல்ல. 1770களிலேயே எடின்பரோவின் வில்லியம் கல்லன், நீரில் மூழ்கியவருக்குக் காற்று ஊதும்போது அது வயிற்றுக்குள் போகாமலிருக்க இதே அழுத்தத்தைப் பரிந்துரைத்தார்.

எவ்வளவு அழுத்துவது? 44 நியூட்டன் என்றார்கள், பிறகு 30 போதும் என்றார்கள். ஏறக்குறைய மூன்று கிலோ எடை. பழகுவதற்கு 50 மில்லி சிரிஞ்சில் காற்றை நிரப்பி, முனையை அடைத்து, 33 மில்லிக் கோடுவரை தள்ளிப் பார்ப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. வந்ததும் சந்தேகமும் வந்தது. அழுத்தும்போது உணவுக்குழாய் பலருக்குப் பக்கவாட்டில் நழுவுகிறது. அழுத்தம் மிஞ்சினால் குரல்நாண் கண்ணுக்குத் தெரியாமல் டியூப் போடுவதே தாமதமாகிறது. 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 3,472 நோயாளிகள். பாதிப் பேருக்கு விரலை வைத்து அழுத்துவதுபோல் பாவனை மட்டும். புரையேறியது அழுத்தப்பட்டவர்களில் 10 பேருக்கு, பாவனையில் 9 பேருக்கு. இத்தனை அரிதாக நடப்பதை வைத்து, அழுத்தாமல் விடுவதும் அதே அளவு பாதுகாப்பானதுதான் என்று கணக்குப்படி நிறுவ முடியவில்லை.

ஆகவே வழக்கு முடியவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகள் கட்டாயத்தைக் கைவிட்டன, பிரிட்டன் விடவில்லை. டியூப் போட வழி தெரியாவிட்டால் சக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டு விரலைத் தளர்த்து என்பதில் மட்டும் அங்கேயும் தகராறு இல்லை.